வாடும் பனைக்கு வேண்டியது தண்ணீரல்ல, வெளிச்சம்

லண்டனில் எம்மவர் வீடுகள் பலவற்றில் வரவேற்பறை மூலையில் ஒரு தொட்டிப் பனை நிற்கிறது. அரெக்கா, கென்ரியா என்று கடைகளில் விற்கப்படும் இவை எமது பனை, தென்னை, கமுகு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தவையே. கோடையில் வாங்கும்போது பச்சைப்பசேலென்று இருக்கும் செடி, மார்கழி பிறந்ததும் நுனி கருகி, அடியோலை மஞ்சளாகி வாடத் தொடங்கும். உடனே நாம் என்ன செய்கிறோம்? இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறோம். வீட்டுப் பனைகள் பல சாவது தாகத்தால் அல்ல, இந்த அன்பினால்தான் என்பது எமது கருத்து.

லண்டனில் மார்கழிப் பகல் 8 மணித்தியாலம்கூட இல்லை. வெளிச்சம் குறைந்தால் செடியின் வளர்ச்சி குறையும். வளர்ச்சி குறைந்தால் அது குடிக்கும் நீரும் குறையும். மேலதிக நீர் தொட்டியில் தேங்கி வேரை அழுக வைக்கிறது. வேர் அழுகிய செடியும் வாடியே தெரியும். அதைக் கண்டு நாம் மீண்டும் ஊற்றுகிறோம்!

வைத்தியம் எளிது. செடியை யன்னலுக்கு அருகில், ஆனால் றேடியேற்றருக்குத் தள்ளி வையுங்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணுள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் நீர் விடுங்கள். தட்டில் தேங்குவதை ஊற்றிவிடுங்கள். லண்டன் குழாய்நீரில் சுண்ணாம்பு அதிகம். மழைநீர் கிடைத்தால் நல்லது. ஓலையிலுள்ள தூசியை ஈரத்துணியால் துடையுங்கள். குளிர்காலத்தில் பசளை வேண்டாம். நடுக்குருத்தை ஒருபோதும் வெட்டாதீர்கள். குருத்துப் போனால் அந்தத் தண்டும் போய்விடும் என்பது பனை வளர்த்த எமக்குத் தெரியாததல்ல. வெளிச்சம் குறைந்த அறையென்றால் அரெக்காவைவிடக் கென்ரியா தாக்குப்பிடிக்கும்.

இந்த நாட்டில் பனை பிழைக்காது என்று கைவிடவும் வேண்டாம். கியூ பூங்காவில் 1844இல் தொடங்கி 1848இல் கட்டி முடிக்கப்பட்ட பனை மாளிகை இன்றும் இருக்கிறது. அதே பூங்காவில் 1846இல் விதையிலிருந்து முளைக்கவைத்த சிலி நாட்டுப் பனையொன்று ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கண்ணாடிக் கூரையின்கீழ் வளர்ந்தது. அதற்கும் கிடைத்தது இதே லண்டன் வெளிச்சம்தான்.

இதில் எமக்கும் ஒரு பாடமுண்டு. கண்ணாடியூடாக வரும் வெளிச்சம் பனைக்குப் போதும், எமக்குப் போதாது. எமது தோல் விற்றமின் டி உண்டாக்கத் தேவையான கதிரை யன்னல் கண்ணாடி தடுத்துவிடுகிறது. போதாததற்குக் கருநிறத் தோலுக்குக் கூடுதல் வெயில் வேண்டும். அந்த விற்றமின் குறைந்தால் எலும்பும் தசையும் நோகும், பலவீனமடையும். தெற்காசிய வம்சாவளியினர் ஆண்டு முழுவதும் தினமும் 10 மைக்ரோகிராம் விற்றமின் டி எடுப்பதை யோசிக்கவேண்டும் என்று பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை கூறுகிறது. வேறு நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் குடும்ப வைத்தியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

குளிருக்குப் பயந்து கதவைச் சாத்தி, றேடியேற்றருக்குப் பக்கத்தில் நாள் முழுவதும் அமர்ந்திருக்கும் எமது முதியோரை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு நாமும் தேநீரும் பலகாரமுமாக அன்பை ஊற்றிக்கொண்டே இருக்கிறோம். செடியை யன்னலோரம் நகர்த்தும் அதே கையோடு, அம்மாவையும் அப்பாவையும் வெயில் தெரியும் நாட்களில் வெளியே நடக்கக் கூட்டிச் செல்வோம்.