திருப்பனந்தாளின் சாய்வு

கும்பகோணத்திற்கு வடகிழக்கே, காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட நெல்வயல்களின் நடுவே அமைந்த ஊர் திருப்பனந்தாள். காசி மடத்தாலும் அங்குள்ள தமிழ்க் கல்லூரியாலும் தமிழ் கற்றோர்க்கு நன்கு அறிமுகமானது. அவ்வூர்ச் செஞ்சடையப்பர் கோயிலை ஏழாம் நூற்றாண்டில் பாடிய திருஞானசம்பந்தர், அதனைத் 'தாடகையீச்சரம்' என்று குறிப்பிடுகிறார். பனை மரத்தால் ஊருக்குப் பெயர் அமைந்தது. கோயிலுக்கோ ஒரு பெண்ணால் பெயர் அமைந்தது.

அப்பெண்ணின் கதையைத் தலபுராண மரபு காத்து வந்துள்ளது. இராமாயணத்துத் தாடகை வேறு, இவள் வேறு. மகப்பேறு வேண்டி நாள்தோறும் இறைவனுக்கு மாலை சாத்தி வழிபட்டவள் இவள். ஒருநாள் இரு கைகளிலும் மாலையை ஏந்தி நின்றபோது அவளது ஆடை நெகிழ்ந்தது. ஆடையைப் பற்ற வேண்டுமானால் மாலையை விட வேண்டும். மாலையைச் சாத்த வேண்டுமானால் ஆடையை விட வேண்டும். முழங்கைகளால் ஆடையை இடுக்கிக்கொண்டு, கைகளை உயர்த்த இயலாமல் அவள் தவித்து நின்றாள். சிவலிங்கம் தலைசாய்த்து மாலையை ஏற்றுக்கொண்டது என்பது கதை.

சமூக விதியோடு தனிமனிதர் கொள்ளும் முரண் என்றவுடன், விதியை எதிர்த்து முழங்கும் ஒருவரையே மனம் தேடுகிறது. தாடகை எதையும் எதிர்க்கவில்லை. நாணத்தைக் காக்க வேண்டும் என்பதும் ஒரு விதி; ஏந்திய மாலையைக் கீழே விடக் கூடாது என்பதும் ஒரு விதி. இரண்டையும் அவள் மதித்தாள். மதித்த காரணத்தாலேயே அசைய முடியாமல் நின்றாள். விதிகளை மீறுவோர்க்கு மட்டுமன்றி, அவற்றை முழுமையாக ஏற்று நடப்போர்க்கும் இத்தகைய நெருக்கடி நேரும் என்பதை இச்சிறு கதை காட்டுகிறது. இவ்வகையில் பல பெருங்காப்பியக் காட்சிகளைவிட இது நுட்பமானது எனலாம்.

கதை அத்துடன் முடியவில்லை. சாய்ந்த இலிங்கம் சாய்ந்தபடியே நின்றது. அதனை நேராகக் கண்டு வணங்க வேண்டும் என்று அரசன் விரும்பினான். இப்பகுதியைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரிவாகப் பாடுகிறார். அரசனை அவர் கொடியவனாகக் காட்டவில்லை. அன்பு மிகுதியால் இரவும் பகலும் கவலையுற்றவனாகவே காட்டுகிறார். அவன் தன் யானைகளைப் பூட்டி இழுக்கச் செய்தும் இலிங்கம் நிமிரவில்லை. இங்கே கருதத்தக்கது ஒன்று உண்டு. இலிங்கம் சாய்ந்திருந்ததைச் சொல்லும் சேக்கிழார், அது எதனால் சாய்ந்தது என்பதைச் சொல்லவில்லை. தாடகை அவர் பாடலில் இல்லை. ஒரு பெண்ணுக்காக நேர்ந்த சாய்வு, அரசனின் பார்வையில் திருத்தப்பட வேண்டிய குறையாகிவிட்டது. ஒருவருக்கு அருளாகத் தோன்றியது ஆட்சிக்குப் பழுதாகத் தோன்றுவது வரலாற்றில் புதிதன்று.

யானைகளால் இயலாததைச் செய்தவர் திருக்கடவூரைச் சேர்ந்த குங்கிலியக்கலயர். இலிங்கத்தில் கட்டிய கயிற்றின் மறுமுனையைத் தம் கழுத்திலேயே பூட்டி அவர் இழுத்தார், இலிங்கம் நிமிர்ந்தது. இவர் எத்தகையவர் என்பதை அறிந்தால்தான் இந்நிகழ்ச்சியின் பொருள் விளங்கும்.

கலயர் கோயிலில் குங்கிலியப் புகையிடும் தொண்டினை மேற்கொண்டவர். வறுமை வந்தபோதும் அத்தொண்டினை அவர் விடவில்லை. நிலம் போயிற்று; உடைமைகள் போயின. இரண்டு நாள் வீட்டில் உணவில்லை. மக்களின் பசியைக் காணப் பொறாத மனைவியார், தம் தாலியைக் கழற்றிக் கணவரிடம் கொடுத்து, அதற்கு நெல் வாங்கி வருமாறு சொன்னார். கலயர் புறப்பட்டார். வழியில் குங்கிலியப் பொதியோடு வணிகன் ஒருவன் எதிர்ப்பட்டான். தாலியைக் கொடுத்துப் பொதியை வாங்கிய கலயர், நேராகக் கோயிலுக்குச் சென்று அதனைச் சேர்த்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். வீட்டில் மனைவியாரும் மக்களும் பசியோடு உறங்கினர். அன்றிரவு இறைவன் அருளால் அவ்வீடு நெல்லும் பொன்னும் நிறைந்த மனையாயிற்று என்று புராணம் கூறுகிறது.

தன்னையும் தன்னைச் சார்ந்தவரையும் பேணுதல் இல்வாழ்வான் கடமை எனத் திருக்குறள் வகுக்கிறது. அவ்வளவையால் அளந்தால் கலயர் செய்தது கடமை தவறிய செயலே. பக்தியின் அளவையால் அளந்தால் அது ஒப்பற்ற தொண்டு. சேக்கிழார் இரண்டாவது அளவையை எடுத்துக்கொண்டார். எனினும் முதலாவதை மறைத்துவிடவில்லை. பசித்த மக்களையும், கழற்றப்பட்ட தாலியையும், நெல் என்ற சொல்லையும் அவர் பாடலிலேயே வைத்தார். கலயரைக் குறை கூற விரும்புவோர்க்கு வேண்டிய சான்றுகளைச் சேக்கிழாரே தருகிறார். இது ஒரு பெரும்புலவரின் நேர்மை.

இக்கதையில் விதியை முதலில் மீறியவர் கலயர் அல்லர் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கணவன் உயிரோடு இருக்கையில் மனைவி தாலியைக் கழற்றுவதை வழக்கம் ஏற்காது. குற்றமற்ற மங்கலப் பொருள் என்றே சேக்கிழாரும் அதனைப் போற்றுகிறார். அதனைக் கழற்றித் தந்த அம்மையார் எந்தத் தத்துவமும் பேசவில்லை. மக்களுக்குச் சோறு வேண்டும். விற்பதற்கு வேறொன்றும் இல்லை. வழக்கத்தைவிடப் பசி பெரிது என்று முடிவு செய்ய அவருக்கு நெடுநேரம் தேவைப்படவில்லை. கலயர் கழுத்தில் ஏறிய கயிறு புகழ்பெற்றது. அம்மையார் கழுத்திலிருந்து இறங்கிய கயிறு கதையின் ஒரு படியாக மட்டுமே நின்றுவிட்டது. அவருக்கு நூலில் பெயரும் இல்லை. அறுபத்து மூன்று நாயன்மாருள் பெண்கள் மூவர். இவர் அம்மூவருள் ஒருவர் அல்லர்.

பிறமொழி இலக்கியத்தில் இத்தகைய முரணுக்குச் சான்றாக அடிக்கடி காட்டப்படுவது, கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் கிரேக்க நாடகாசிரியர் சோபாக்ளிஸ் எழுதிய 'ஆன்டிகனி'. போரில் இறந்த தமையனை அடக்கம் செய்யக் கூடாது என்று அரசன் கிரியோன் ஆணையிடுகிறான். ஆன்டிகனி அடக்கச் சடங்கைச் செய்கிறாள். அதற்குத் தன் உயிரைக் கொடுக்கிறாள். ஆணை தவறு என்று கிரியோன் உணரும்போது காலம் கடந்துவிடுகிறது. தமிழில் இதற்கு இணையாகக் கண்ணகியைச் சொல்வதுண்டு. அது முழுதும் பொருந்தாது. கண்ணகி எந்த விதியையும் மறுக்கவில்லை. ஆராய்ந்து நீதி வழங்க வேண்டிய அரசனே அவ்விதியை மீறினான் என்று நிறுவினாள். அவள் விதியின் பக்கம் நின்றவள். ஆன்டிகனிக்கு அருகில் வைக்கத்தக்கவர் வேண்டுமானால், வேள்விக்குரிய பசுவை இரவில் விடுவித்து ஊரால் விலக்கப்பட்ட மணிமேகலையின் ஆபுத்திரனைச் சொல்லலாம்.

பெரியபுராணத்தின் வழி இவ்விரண்டிலும் வேறுபட்டது. அங்கே முரண்பட்டவர் அழிவதில்லை. அழிவதற்கு முன் இறைவன் அசைகிறான். தாடகைக்குத் தலை சாய்ந்தது போலக் கலயருக்கு வீடு நிறைந்தது. படிப்பவர் நெஞ்சு ஆறுதல் பெறுகிறது. அந்த ஆறுதலின்போதுதான் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது: அசைந்தது இறைவன் என்றால், விதி அசைந்ததா?

திருநாளைப்போவார் எனப்படும் நந்தனாரின் வரலாறு இவ்வினாவைக் கூர்மையாக்குகிறது. கொள்ளிடக் கரையை ஒட்டிய ஆதனூரில் ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்தவர் அவர். கோயில் முரசுகளுக்குத் தோலும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் அவர் கொடுத்தவை. அவர் கொடுத்த பொருள் கோயிலுக்குள் செல்லும். அவர் செல்லக் கூடாது. திருப்புன்கூரில் வெளியே நின்று இறைவனைக் காண முயன்றபோது இடையிலிருந்த நந்தி விலகி வழிவிட்டது என்கிறது புராணம். விலகியது நந்தி மட்டுமே. வாயிலைக் கடக்கக் கூடாது என்ற விதி விலகவில்லை. நந்தனார் வெளியே நின்றபடியே கண்டார். தில்லையிலோ அந்த அளவு சலுகையும் இல்லை. தீயில் மூழ்கி, முனிவர் கோலத்தில் முப்புரிநூலோடு எழுந்த பின்னரே அவர் உள்ளே செல்ல முடிந்தது. விதிக்கு ஏற்ப மனிதர் மாற்றப்பட்டார். மனிதருக்கு ஏற்ப விதி மாற்றப்படவில்லை.

இதனால் சேக்கிழாரை விதியின் காவலர் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. அவர் சோழ அரசின் அமைச்சராக இருந்தவர். கோயிலும் அரசும் ஒன்றையொன்று தாங்கி நின்ற காலத்தில், வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒருவரின் ஏக்கத்தை அவர் காப்பியப் பொருளாக்கினார். அவருக்கு முன்பே சுந்தரர், ஆதிசைவக் குலத்தில் பிறந்தவராயிருந்தும், நாளைப்போவார்க்குத் தாம் அடியேன் என்று திருத்தொண்டத்தொகையில் பாடிவிட்டார். பிறப்பின் வரிசையைச் சொல்லளவிலேனும் தலைகீழாக்கிய அந்தத் தொடர் சிறிய செயலன்று. எனினும் ஒவ்வொரு கதையிலும் விலக்கு ஒருவருக்கு மட்டும் வழங்கப்படுகிறது. நந்தனார் உள்ளே சென்றார். அவர் உற்றார் ஆதனூரிலேயே இருந்தனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இக்கதையை மீண்டும் எடுத்தார். மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த அவர், காவிரி நாட்டின் பண்ணை வாழ்வை அருகிருந்து அறிந்தவர். அவரது 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யில், சேக்கிழாரிடம் இல்லாத ஒருவர் வருகிறார். அவர் நந்தனாரின் ஆண்டையாகிய வேதியர். நாற்பது வேலி நிலத்தின் வேளாண் பணியையும் முடித்த பிறகே தில்லைக்குப் போகலாம் என்கிறார் அவர். ஒரு வேலி என்பது ஏறத்தாழ 6.6 ஏக்கர், நாற்பது வேலி 260 ஏக்கருக்கும் மேல். தனி ஆளால் ஆகாத வேலை என்பதை அறிந்தே விதிக்கப்பட்ட நிபந்தனை அது. ஓர் இரவில் இறையருளால் பயிர் விளைந்துவிடுகிறது.

இங்கும் அற்புதம் உண்டு. ஆனால் முரணின் இடம் மாறிவிட்டது. சேக்கிழாரின் நூலில் விதிக்கு முகம் இல்லை; அது காற்றைப் போல எங்கும் பரவியிருக்கிறது. பாரதியாரின் நூலில் அதற்கு ஒரு முகமும், ஒரு நிலமும், அந்நிலத்தில் ஓர் ஆதாயமும் உண்டு. கூலியாள் ஒருநாள் இல்லாவிடில் நடவு நின்றுவிடும் என்பதே விதியின் உள்ளே இருந்த கணக்கு. மூலத்தினின்றும் விலகியதற்காகச் சைவப் பெரியோர் சிலர் இந்நூலைக் குறை கூறினர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இதற்குச் சிறப்புப்பாயிரம் தர முதலில் தயங்கிப் பின்னரே தந்தார் என்பதை உ.வே. சாமிநாதையர் எழுதியுள்ளார். நூலின் மொழியில் இருந்த இலக்கண வழுக்கள் அத்தயக்கத்திற்குக் காரணம். பண்டிதர்கள் வழுக்களை எண்ணிக்கொண்டிருக்கையில் ஊர்கள்தோறும் மக்கள் அக்கீர்த்தனைகளைக் கேட்டு அழுதனர்.

கதைகளில் இறைவன் செய்ததை நாட்டில் மனிதர்கள் செய்ய நெடுங்காலம் ஆயிற்று. 1939 சூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் தலைமையில், கோயில் நுழைவு மறுக்கப்பட்டிருந்த சமூகங்களைச் சேர்ந்தோர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றனர். அதற்கு எதிர்ப்பு எழுந்தது. கோயில் கதவைத் திறந்தவர்கள்மீது வழக்குத் தொடராதவாறு காக்கும் சட்டம் அதே ஆண்டில் இயற்றப்பட்டது. அது பெரும்பாலும் பெரியபுராணத்தின் முறைதான்: மீறியவர்க்கு அளித்த பாதுகாப்பு. 1947ஆம் ஆண்டின் ஆலய நுழைவுச் சட்டமே சென்னை மாகாணத்துக் கோயில் வாயில்களை இந்துக்களின் எல்லா வகுப்பினர்க்கும் உரிமையோடு திறந்தது. யாரும் தீயில் மூழ்க வேண்டும் என்று அச்சட்டம் கேட்கவில்லை. நந்தி விலகுவதற்கும் காத்திருக்கவில்லை. பனந்தாளிலும் புன்கூரிலும் தில்லையிலும், உள்ளே செல்பவரின் பிறப்பைக் கேட்கும் அதிகாரம் அன்று முதல் வாயில் காப்போர்க்கு இல்லாமற் போயிற்று.