மாண்ட வீரனை நினையும் முறை

போரில் மாண்டாரைப் போற்றுதல் எல்லா நாட்டினர்க்கும் பொதுவாகிய வழக்கம். ஆயின், போற்றுவோர் நெஞ்சில் நிற்பவன் மாண்ட மகன்தானோ, அன்றி அவன் பெயரை முன்னிட்டு நாட்டப்படும் வேறொரு நோக்கமோ என்பது ஆராயத்தக்கது. இதற்கு ஊரி குரோஸ்மன் என்னும் இஸ்ரவேல் இளைஞனது வரலாறு பெரிதும் துணைபுரிவதாம்.

ஊரி, எபிரேய நாவலாசிரியர் தாவீது குரோஸ்மனின் இரண்டாம் மகன். நாட்டுச் சட்டப்படி படையிற் புகுந்து, டாங்கிப் பிரிவில் பணியாற்றினான். 2006ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் ஹிஸ்புல்லா இயக்கத்தாரோடு போர் மூண்டது. தற்காப்பு நாட்டின் உரிமையென முதலிற் கருதிய தந்தையார், அரசினர் தரைப்போரை விரிக்கத் துணிந்தமை கண்டு, ஆகஸ்டு 10ஆம் நாள் ஆமோஸ் ஓஸ், ஏ. பி. யெகோசுவா என்னும் எழுத்தாளர் இருவரோடு கூடிப் போர்நிறுத்தத்தை ஏற்குமாறு வெளிப்படையாக வேண்டினார். 12ஆம் நாள் தென் லெபனோனில் ஏவுகணையொன்று ஊரியின் டாங்கியைத் தாக்க, அவன் உயிர்துறந்தான். 14ஆம் நாள் போர் நின்றது. இருபத்தோராம் பிறந்தநாளுக்கு இரு வாரமே எஞ்சியிருந்தது.

இத்தகைய சாவினை எக்கட்சியாரும் தமக்குரியதாக்கிக் கொள்ளல் எளிது. தந்தையாரோ அதற்கு இடங்கொடுத்திலர். அடக்கத்தின்போது, மகன் மாண்ட அப்போரைப்பற்றி அப்பொழுது பேசுவதில்லை என்றும், தம் குடும்பம் அப்போரில் முன்னரே தோற்றுவிட்டதென்றும் கூறி, மகனைப்பற்றியே பேசினார். தன் பட்டாளத்தில் இடதுசாரியெனப் பெயர்பெற்றும், தோழரை விட்டு நீங்காதிருந்த ஒருவனை அவர் காட்டினார். அவ்விளைஞனை எவருடைய கொடியாலும் முற்றும் போர்த்திவிட முடியாது. நவம்பர் மாதம் தெல் அவீவில் நிகழ்ந்த ராபின் நினைவுக் கூட்டத்தில் அவர் தலைவர்களைக் கண்டித்துச் சமாதானம் நாடுமாறு வற்புறுத்தினார். ஆயினும், சினத்தாலோ பழியுணர்ச்சியாலோ தாம் பேசவில்லை என்றே மொழிந்தார்.

2003ஆம் ஆண்டு தொடங்கி எழுதிவந்த நாவலையும் அவர் கைவிட்டிலர்; அது 2008இல் வெளிவந்தது. மகனது மரணச் செய்தி வந்தால் அதனைப் பெறத் தான் வீட்டில் இருத்தலாகாதென்று கலிலேயா நாட்டில் நடந்து திரியும் தாயொருத்தியின் கதை அது. எழுதுதல் மகனைக் காக்குமென்று தாம் எண்ணியிருந்ததாக அந்நூலின் இறுதிக் குறிப்பில் அவரே தெரிவித்துள்ளார்.

நாட்டிற்காக மாண்டவனைத் தனி மகனாக மட்டும் நினைத்தல் அவன் செயலைச் சிறுமைப்படுத்துவதன்றோ எனச் சிலர் வினவுவர். அன்று; அவனுடைய நகைச்சுவையையும், நட்பையும், வாழாது விட்ட ஆண்டுகளையும் அறிந்தாரே நாடு கொடுத்த விலை இன்னதென அறிவர். பெயரை மட்டும் அறிந்தார்க்கு அடுத்த போரும் மலிவாகவே தோன்றும்.

வேறு சிலர், அப்போரில் லெபனோன் நாட்டார் ஆயிரவர்க்கு மேல் மாண்டனரே, அவருட் பெரும்பாலார் படைக்கலம் ஏந்தாதவராயிற்றே, படைவீரன் ஒருவனுக்கு இரங்குதல் தகுமோ என்பர். அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும், இரங்குதல் வேறு, அவன் சேர்ந்த படையின் செயலையெல்லாம் ஒப்புதல் வேறு. ஒரு தாயின் கண்ணீரை மெய்யென்று கொள்வதற்கு மற்றொரு தாயின் கண்ணீரைப் பொய்யென்று சொல்ல வேண்டுவதில்லை.

ஆண்டுதோறும் இஸ்ரவேலில் நினைவுநாட் காலையில் சங்கொலி இரண்டு நிமிடம் முழங்க, வண்டிகள் நிற்கும். மக்கள் தெருவில் இறங்கித் தலைகுனிந்து நிற்பர். அந்நாளையொட்டி, மக்களை இழந்த இஸ்ரவேலரும் பாலஸ்தீனரும் ஒருங்கே அமர்ந்து துக்கங்கொள்ளும் கூட்டமொன்றும் 2006 முதல் நடந்துவருகின்றது. எதிர்ப்பு மிகுந்த அக்கூட்டத்தில் 2018ஆம் ஆண்டு தாவீது குரோஸ்மன் பேசினார். மகனை மறந்தவர் அங்குச் சென்றிரார். மகனை நினைந்தமையாலேயே பிறர் மக்களையும் நினைந்தார்.

நண்பர்காள்! ஊரி மாண்டபோது நம்முட் பலரினும் ஓரிரண்டு ஆண்டே மூத்தவன். அவனையொத்தாரை நினைக்கும்போது, அவர்தம் கல்லறையை நம் வாதத்திற்குப் படிக்கல்லாக்காது, முதற்கண் அவர்தம் முகத்தை நினைவோமாக.