முழுப் படம்

பல படங்களை இணைத்து ஓர் அகன்ற காட்சியாக்குவது இனிய பொழுதுபோக்கு. 1858-ஆம் ஆண்டில் லின்னேயஸ் டிரைப் என்பவர் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒரே நீள்படமாக இணைத்தார். நாங்களும் முயன்றோம். நின்ற இடம் மாறாமல் காமிராவைச் சிறிது சிறிதாகத் திருப்பி, முந்தைய படத்தின் மூன்றில் ஒரு பங்கு அடுத்ததிலும் விழுமாறு எங்கள் பள்ளி மைதானத்தை எடுத்தோம்.

கணினியில் இணைத்தபோது, மைதானத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த ஆயாம்மா இரண்டு இடங்களில் தெரிந்தார். அழகு கெடுகிறதென்று இரண்டு உருவங்களையும் நீக்கிவிட்டோம். இப்போது படத்தில் சுத்தமான மைதானம் இருந்தது. அதைச் சுத்தம் செய்தவர் இல்லை! வெட்கத்துடன் மீண்டும் இணைத்து, அவரை ஓரிடத்தில் இருக்கச் செய்தோம்.

கல்லும் மரமும் அசையாமல் நிற்கும். உழைப்பவர் நிற்க முடியுமா? அவரும் இருந்தால்தான் அது முழுப் படம் என்பதே எங்கள் கருத்து.