விண்கதிரும் வினாக்கேட்ட மாணவரும்

நிலவுலகில் வாழும் உயிர்களுக்கு இயற்கை இரண்டு போர்வைகளைப் போர்த்தியிருக்கிறது. ஒன்று வளிப்போர்வை, மற்றொன்று காந்தப்புலம். இவ்விரண்டையும் கடந்து வெளியேறும் மாந்தன், ஞாயிறு உமிழும் துகள்மழைக்கும், தொலைவிண்ணில் வெடித்த மீன்களினின்று ஒளியின் விரைவை ஒட்டிப் பாய்ந்துவரும் அணுக்கருக்களுக்கும் வெற்றுடம்பாய் இலக்காகிறான். 1972 ஆகத்துத் திங்களில் ஞாயிற்றில் பெருங்கொந்தளிப்பு ஒன்று எழுந்தது. ஏப்பிரலில் நிலாவுக்குச் சென்ற அப்போலோ 16 குழுவினர் திரும்பியிருந்தனர்; அப்போலோ 17 குழுவினர் திசம்பரில்தான் புறப்பட்டனர். இடைப்பட்ட காலத்தில் வந்ததால் எவர்க்கும் தீங்கில்லை. அறிவு காத்தது என்று அதனைச் சொல்லவியலாது, நாட்கணக்கு காத்தது.

செவ்வாய்க்குச் செல்வோர்க்கு அத்தகைய நல்வாய்ப்பும் இல்லை. 2011-12 இல் அக்கோளுக்குச் சென்ற கியூரியாசிட்டி ஊர்தியின் கருவி, வழியில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.8 மில்லி சீவெர்ட்டுக் கதிரளவைப் பதிந்தது. இந்நிலத்தில் ஒருவர் இயற்கையாக ஓராண்டு முழுதும் பெறுவது ஏறத்தாழ 2.4 தான். ஓராண்டுக் கதிரை ஒன்றரை நாளில் உண்ணும் உடம்பு என்னாகும்?

மருத்துவமனையில் செய்வதுபோல் ஈயத்தை வைத்துத் தடுத்தாலென்ன என்று தோன்றலாம். ஆங்குத்தான் நுட்பம் உள்ளது. விரைந்து வரும் விண்துகள் ஈயம் போன்ற பளுமிக்க மாழையின் அணுக்கருவில் மோதினால், அதனை உடைத்துப் புதிய துகள்களைத் தெறிக்கச் செய்யும். ஒன்றைத் தடுக்கப்போய்ப் பலவற்றை உள்ளே விடுவதாக முடியும். நீரின் உறுப்பாகிய நீரகம் மிகுந்த பொருள்களே நல்ல தடுப்பு; நீரும் நெகிழியும் அவ்வகையின. ஆயினும் அவற்றை விண்ணுக்குத் தூக்கிச் செல்லும் எடையும் செலவும் சிறியன அல்ல.

இவ்விடத்தில்தான் அமெரிக்காவின் வட கரோலினாப் பள்ளி மாணவர் சிலர் ஒரு வினாவை எழுப்பினர். தடுப்பைத் தூக்கிச் செல்வானேன்? வளர்த்துக்கொண்டாலென்ன? 1986 இல் வெடித்த செர்னோபில் அணுவுலையின் இடிபாடுகளில், கதிர்வீச்சுக்கு அஞ்சாமல் கரும்பூஞ்சைகள் படர்ந்திருந்ததைப் பின்னாளில் அறிவியலார் கண்டனர். அவற்றுள் ஒன்றையே மாணவர் தேர்ந்தனர். 2018 திசம்பரில் அது பன்னாட்டு விண்வெளி நிலையத்திற்குச் சென்றது. ஒரே தட்டில் ஒரு பாதியில் பூஞ்சை, மறுபாதியில் வெறுங்கூழ். இரண்டின் அடியிலும் கதிர் எண்ணிகள். ஒளிப்படக் கருவி ஏறத்தாழ ஒரு திங்கள் அதன் வளர்ச்சியைப் பதிந்தது. 1.7 மில்லிமீட்டர்த் தடிப்பே வளர்ந்த அப்பூஞ்சையின் கீழ், மறுபாதியைவிடக் கதிர் எண்ணிக்கை ஏறத்தாழ 2 விழுக்காடு குறைந்ததாக 2020 இல் வந்த முதல் அறிக்கை கூறிற்று. 2022 இல் ஆய்விதழில் முழுக்கட்டுரையும் வெளிவந்தது.

இதனைக் கொண்டு செவ்வாயில் பூஞ்சை வீடு கட்டியாயிற்று என்று முழங்குவோர் உளர். அது மிகை. ஒரு தட்டில் நிகழ்ந்த ஓர் ஆய்வு அது. விண்வெளி நிலையமோ நிலவுலகின் காந்தப்புலத்துக்கு உள்ளேயே சுற்றுவது. பூஞ்சையின் உடம்பிலும் பெரும்பகுதி நீர். தடுத்தது கருநிறமியா, நீரா என்று பிரித்தறிய இன்னும் ஆய்வுகள் வேண்டும். ஆனால் அவ்வினாவைத் தொடுத்தவர் முதுபெரும் அறிவியலார் அல்லர். பள்ளி மாணவர் என்பதே இங்குக் கருதத்தக்கது.

அவர்கள் எந்த மொழியில் உண்டு உறங்கி உரையாடினரோ அந்த மொழியிலேயே அறிவியலையும் கற்றவர்கள். ஐயம் எழுந்தவுடன் அதனைச் சொல்லச் சொல் தேட வேண்டியிருக்கவில்லை. தமிழ்ச் சிறுவனுக்கும் சொற்கள் வீட்டிலேயே உள்ளன. ஊறுகாயில் பூசணம் பூத்தது என்று பாட்டி சொல்லக் கேட்ட பிள்ளைக்கு, அது வளர்வது என்றும் பரவுவது என்றும் எவரும் விளக்க வேண்டியதில்லை. பூத்தல் என்னும் வினையே விளக்கிவிடுகிறது. கதிர்வீச்சு என்றால் பாதி பொருள் சொல்லிலேயே விளங்கும். ரேடியேசன் என்றால் மனப்பாடந்தான்.

தமிழில் அறிவியல் இயலாது என்பார், இக்கட்டுரையில் ஆட்பெயர், இடப்பெயர், அளவுப்பெயர் நீங்கலாக எத்தனை சொற்களுக்குத் தமிழ் கைவிரித்தது என்று எண்ணிப் பார்க்கட்டும். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அயலார்க்கு இயன்றது தமிழர்க்கு இயலாதாம்! மாணவரிடம் திறமும் குறையவில்லை. கரூர் மாவட்டப் பள்ளபட்டி மாணவர் ஒருவர் தம் குழுவினரோடு வடித்த 64 கிராம் எடைச் சிறுகோள் 2017 இல் நாசாவின் ஏவூர்தியில் விண்ணேறியது.

பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் கற்றவன் கல்லூரி வாயிலில் நுழைந்ததும், தான் முன்பே அறிந்த பொருள்களுக்கு வேறு பெயர்களை மனப்பாடம் செய்யவே முதலாண்டைத் தொலைக்கிறான். 2010 இல் தமிழ்வழிப் பொறியியல் தொடங்கப்பட்டதே என்பர். நன்று. ஆய்வகக் கையேடும், உயர்நிலை நூல்களும், படித்து முடித்தபின் பணியும் தமிழிலேயே கிடைக்கச் செய்யாமல் வகுப்பை மட்டும் திறந்துவைத்தால் எவன் சேருவான்? கருநிறமியா நீரா என்பது போன்ற வினாக்களைத் தொடுக்கப் பழக ஒரு கதிர் எண்ணியும் ஒரு தமிழ்க் கையேடும் உதவும். அவற்றை ஊர்ப்புறத் தமிழ்வழிப் பள்ளிகளுக்கு வழங்குவது அரசின் முதற்கடன்.