கீரியைக் கொன்று கிளி எழுதுவதா?

நம் ஓவிய அன்பர்களிடையே ஒரு வாதம் நடமாடுகிறது. பறவையையும் விலங்கையும் பழைய முறைப்படி எழுத வேண்டுமானால் சாமான்களும் பழையபடிதான் இருக்க வேண்டுமாம். கீரி மயிர்த் தூரிகை இல்லாவிட்டால் கோட்டிலே ஜீவன் இராதாம். மானின் கண்ணையும் மயிலின் கழுத்தையும் ஜீவனோடு தீட்டுவதற்காக ஒரு கீரியின் ஜீவன் போவதைப் பற்றி இவர்களுக்குக் கவலை இல்லை. கேட்டால், "மரபு ஐயா, மரபு!" என்கிறார்கள்.

நான் கதை எழுதிப் பிழைப்பவன். தூரிகை பிடித்தவன் அல்லன். ஆனால் மரபு என்ற சொல்லைக் கேடயமாகப் பிடிப்பவர்களை என் தொழிலிலும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்த விஷயத்தில் வாய் திறக்க எனக்கும் பாத்தியதை உண்டு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ மயிர் சேர ஏறக்குறைய 50 கீரிகள் சாக வேண்டும் என்கிறார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கீரி மயிர் வியாபாரம் குற்றம். அப்படியிருந்தும் 2019-இல் நாட்டின் பல இடங்களில் நடந்த சோதனையில் 50,000-க்கும் மேற்பட்ட தூரிகைகளும் 100 கிலோவுக்கு மேற்பட்ட மயிரும் அகப்பட்டன. அந்த மயிருக்கு மட்டும் கணக்குப் போட்டாலே 5,000 பிராணிகள் ஆகின்றன. எலியையும் பாம்பையும் தீர்த்துக் குடியானவனுக்குக் கூலியில்லாமல் ஊழியம் செய்கிற பிராணிக்கு நாம் கொடுக்கும் சம்பளம் இது!

சரி, மரபுக்கே வருவோம். எந்த மரபு? மொகலாயச் சிற்றோவியர்களின் நுண்தூரிகைக்குப் பேர்போனது அணில் வால் மயிர். கீரி மயிர் அன்று. அதுவும் போகட்டும். 1621-இல் ஜஹாங்கீர் பாதுஷாவுக்கு ஒரு வரிக்குதிரை வந்தது. யாரோ சாயம் பூசியிருக்கிறார்கள் என்று சிலர் சந்தேகப்பட்டதாகப் பாதுஷாவே தம் குறிப்பில் எழுதியிருக்கிறார். மற்றவர்கள் வியந்து நின்ற அதே பிராணியை மன்சூர் உற்றுப் பார்த்து எழுதினார். அந்தப் படம் இன்றும் லண்டனில் இருக்கிறது.

ஜெர்மனியில் ஆல்பிரெக்ட் டியூரர் 1502-இல் எழுதிய முயலின் கண்ணில் ஒரு ஜன்னலின் நிழல் தெரிகிறது. அந்த ஜன்னலைக் கண்டுபிடித்தது எந்தப் பிராணியின் மயிர்? சீனத்துச் சீ பைஷி இறால்களை வீட்டில் வளர்த்து, அவை நகரும் விதத்தைப் பார்த்துப் பார்த்து மசியால் எழுதினார். பார்வைதான் இவர்களுடைய முதல் சாமான். அது எந்தக் கடையிலும் கிடைக்காது என்பதனால்தானோ என்னவோ நம்மவர்கள் தூரிகையைப் பற்றியே பேசுகிறார்கள்.

சாமான்கள் மறைவதும் புதிதல்ல. 'இந்திய மஞ்சள்' என்று ஒரு வர்ணம் இருந்தது. மோங்கீருக்குப் பக்கத்தில் பசுக்களுக்கு மாவிலையைத் தின்னக் கொடுத்து, அவற்றின் கோமியத்திலிருந்து அதைக் காய்ச்சி எடுக்கிறார்கள் என்றும், மாடுகள் நலிந்து கிடக்கின்றன என்றும் 1883-இல் திரைலோக்கியநாத் முகர்ஜி எழுதினார். பிறகு அந்தச் சரக்கு சந்தையிலிருந்து மறைந்தது. அதற்காக மஞ்சள் நிறம் ஓவியத்தை விட்டு ஓடிப்போகவில்லை. எழுத்தாணி போய்ப் பேனா வந்தபோது தமிழும் செத்துப்போகவில்லை.

செயற்கை இழை மயிரைப் போல வர்ணத்தைத் தாங்காது என்பார்கள். இருக்கட்டும், இரண்டு தடவை அதிகமாகத் தோய்த்து எழுதட்டுமே! ஓர் உயிருக்கு அவ்வளவு சிரமம் படக்கூடாதா?

தூரிகை கட்டும் தொழிலாளியின் பிழைப்பு என்னாவது என்று கேட்பவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் மயிரைக் கட்டும் விரல் நைலான் இழையையும் கட்டும். கீரி வியாபாரத்தில் சிறைக்குப் போகிறவர்கள் கண்ணி வைக்கும் ஏழையும் அந்தத் தொழிலாளியுந்தான். வாங்கிக்கொண்டு போன ரசிகசிகாமணிகள் வீட்டில் சௌக்கியமாக மயில் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

வாசகர்களில் பலர் பிள்ளைகளுக்கு வர்ணப் பெட்டி வாங்குகிறவர்கள். நுனி கறுத்து, நடுவே வெளிறிய பட்டை ஓடும் மயிர்த் தூரிகையைக் கண்டால், இது எந்தப் பிராணியினுடையது என்று கடைக்காரரைக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அதை அங்கேயே வைத்துவிட்டு வேறு தூரிகை வாங்குங்கள். பிறகு பிள்ளையைத் தோட்டத்துக்கு அழைத்துப் போய், வேலியோரம் ஓடுகிற கீரியைக் காட்டி, அதை எழுதச் சொல்லுங்கள்.