சம்மதக் கடிதம் விவாகரத்து ஆகாது

ஒட்டுசுட்டான் பகுதியில் குடும்பப் பிணக்குகளோடு எம்மிடம் வரும் பெண்கள் பலர் முதலிற் கேட்பது, முல்லைத்தீவில் குறைந்த காசுக்கு விவாகரத்து எடுத்துத் தரக்கூடிய சட்டத்தரணி யார் என்பதையே. கேட்பதற்கு முன்னரே சிலர் ஒரு காரியத்தைச் செய்து முடித்திருப்பர். "இருவரும் சம்மதித்துப் பிரிகின்றோம்" என்று சமாதான நீதவான் ஒருவர் முன்னிலையில் எழுதிக் கையொப்பமிட்டிருப்பர். செலவு சொற்பம், ஊரும் அதை ஏற்றுக்கொள்கிறது. சட்டம் ஏற்பதில்லை.

1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, நீதிமன்றத் தீர்ப்பினால் மட்டுமே விவாகம் கலையும். அதற்கான காரணங்கள் மூன்று: பிறருடன் தகாத உறவு, வேண்டுமென்றே கைவிட்டுச் செல்லல், விவாகத்தின்போதே இருந்த தீராத ஆண்மையின்மை அல்லது மலட்டுத்தன்மையல்லாத அதனையொத்த இயலாமை. இருவரின் சம்மதம் இவற்றுள் இல்லை. (ஆலயத்தில் விவாகம் செய்தோர் கவனிக்க: மறைமாவட்டத் தீர்ப்பாயத்தின் முடிவு வேறு, மாவட்ட நீதிமன்றத்தின் தீர்ப்பு வேறு.)

அந்தக் கடிதம் பயனற்றது என்பதோடு விடயம் நின்றால் பரவாயில்லை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம், தன்னைத் தானே பராமரிக்க இயலாத மனைவி கணவனிடம் தாபரிப்புக் கோரலாம் என்கிறது. ஆனால் இருவரும் சம்மதித்துப் பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்கு அது கிடையாது. கைவிடப்பட்டவர் தானே சம்மதித்ததாக எழுதிக் கொடுத்தால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் நீட்டுவது அந்தத் தாளைத்தான். பிள்ளைகளின் தாபரிப்பு உரிமை இதனாற் போகாது.

ஆகவே எமது அபிப்பிராயம் இது: கைவிடப்பட்ட பெண்ணுக்கு அநேகமாக முதலில் வேண்டியது விவாகரத்து அன்று, தாபரிப்பே. அதற்கு விவாகம் கலைய வேண்டியதில்லை. நீதவான் நீதிமன்றில் விண்ணப்பிக்கலாம். காணியையும் யோசிக்க வேண்டும். முத்தையன்கட்டுப் போன்ற குடியேற்றங்களில் பெர்மிட் பெரும்பாலும் கணவன் பெயரிலேயே உள்ளது. அவர் இறந்தால் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வாழ்க்கைத் துணைக்குப் பின்னுரிமை தருகிறது. விவாகரத்துப் பெற்றவர் துணை அல்லர். வயலை உழுது காத்தவர் இதை அறிந்த பின்னரே வழக்கிடட்டும்.

வழக்கிடத் தீர்மானித்தால், மாட்டை விற்கவோ நகையை அடகு வைக்கவோ முன்னர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அது, குறைந்த வருமானமுடையோருக்குச் சட்டத்தரணியை ஏற்படுத்திக் கொடுக்கிறது. கிராம அலுவலரின் வருமான உறுதிப்படுத்தலுடன் செல்லுங்கள். விவாகச் சான்றிதழ் 2009 இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் பிரதி கேளுங்கள். தனியார் சட்டத்தரணியிடம் போவோர் மொத்தக் கட்டணம் எவ்வளவு, ஒவ்வொரு தவணைக்கும் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுப் பற்றுச்சீட்டும் வாங்க வேண்டும். கேட்பது மரியாதைக் குறைவு அன்று. வெற்றுத் தாளில் ஒருபோதும் கையொப்பமிடாதீர்கள். முதற் தீர்ப்புக் கிடைத்தும் மூன்று மாதம் கழிந்தே அது முடிவான தீர்ப்பாகும். அதற்குள் மறுமணம் கூடாது.

ஒவ்வொரு தவணைக்கும் முல்லைத்தீவுக்குப் பஸ் ஏறும் பெண் அன்றைய கூலியையும் இழக்கிறார். மாதத்தில் ஒரு நாளாவது சட்ட உதவிச் சேவை ஒட்டுசுட்டான் பிரதேச செயலகத்துக்கே வர வேண்டும். மாதர் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் இதைக் கூட்டாக எழுத்திற் கேட்டால், கடிதத்தைத் தயாரிக்க நாம் உதவுவோம்.