தலைவிதி அல்ல, பந்தய விதி!



வண்டியில் போய் விழுந்தவனைப் பார்த்து நம் ஊரில் முதலில் சொல்லும் வார்த்தை "விதி". தமிழில் இது ஒரு வேடிக்கை. தலையில் எழுதியதும் விதி, சட்டப் புத்தகத்தில் எழுதியதும் விதி. முதல் விதியை யாராலும் மாற்ற முடியாது என்கிறார்கள். இரண்டாவதை நாமே உட்கார்ந்து எழுதலாம். அந்த இரண்டாவது விதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

டிராக் ரேஸ் என்றால் உங்களுக்குப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. இரண்டு வண்டி, நேரான ரோடு. நின்ற இடத்திலிருந்து கிளம்ப வேண்டும். கால் மைல், அதாவது 402 மீட்டரை முதலில் தொடுபவன் ஜெயித்தான். வளைவு, திருப்பம் எதுவும் இல்லை. "ஒரு இழு இழுத்துப் பாக்கலாமா மாப்ளே?" என்று நாம் கேட்பதற்கு இங்கிலீஷ்காரன் வைத்த பெயர்தான் அது. நம் பக்கத்தில் அந்த 402 மீட்டர் எங்கே இருக்கிறது? சேலம் - உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையில் இருக்கிறது. விடியற்காலையிலும் ராத்திரியிலும் பைபாஸில் இருக்கிறது. நாலு வழியாக வந்த அந்த ரோடு வாழப்பாடி பைபாஸில் பல வருடம் இரண்டு வழியாகச் சுருங்கிக் கிடந்தது. எதிரே வரும் லாரிக்கும் நமக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் கோடுதான் சுவர். அதன் மேல்தான் நம் பசங்களின் வீரம்!

கொஞ்சம் கணக்குப் போடுவோம். டிப்ளமோ படிக்கிறோம் அல்லவா? மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு சுமார் 14 மீட்டர். பிரேக் பிடிக்க வேண்டும் என்று மூளைக்கு எட்ட ஒரு வினாடி என்று வைத்தால் அதற்குள் 14 மீட்டர் போயாச்சு. நல்ல பிரேக், காய்ந்த ரோடு, வினாடிக்கு வினாடி 6 மீட்டர் வேகம் குறைகிறது என்று வைத்தால், நிற்க இன்னும் 16 மீட்டர். மொத்தம் 30. அதே வண்டி 100 கிலோமீட்டரில் போனால்? யோசிக்க 28, நிற்க 64, ஆக 92 மீட்டர்! வேகம் இரண்டு மடங்கு, பிரேக் பிடிக்கும் தூரம் நான்கு மடங்கு. பாக்கு மூட்டை ஏற்றிய டி.வி.எஸ். ஒன்று குறுக்கே வந்தால் இந்த 92 மீட்டரை யார் கொடுப்பது?

எங்கள் தெருவில் ஒரு அண்ணன். ஐ.டி.ஐ. முடித்தவர், கை வேலை தங்கம். அவர் ரேஸ் ஓட்டவே இல்லை. ஓரமாக நின்று பார்த்தார், அவ்வளவுதான். கன்ட்ரோல் போன வண்டி அவர் காலில் ஏறியது. இப்போது காலுக்குள் கம்பி இருக்கிறது. ஒரு கம்பெனி இன்டர்வியூவில் நடந்து காட்டச் சொன்னார்களாம். நடந்து காட்டினார். அதோடு சரி, கடிதம் வரவில்லை. ஓட்டியவனுக்கு ஒரு சிராய்ப்பு. இதில் எந்த நியாயம்?

சட்டம் என்ன சொல்கிறது? 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவு, அரசின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் பொது இடத்தில் பந்தயம் ஓட்டினால் குற்றம் என்கிறது. முன்பு அபராதம் 500 ரூபாய் வரை. 2019 திருத்தத்தில் முதல் தடவைக்கே 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வீட்டில் இன்சூரன்ஸ் பேப்பர் இருந்தால் எடுத்துப் படித்துப் பாருங்கள். ரேஸ், வேகச் சோதனை ஆகியவற்றுக்கு வண்டியைப் பயன்படுத்தினால் பொருந்தாது என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். பொடி எழுத்தைப் படிக்கத்தானே நம்மை வீட்டில் படிக்க அனுப்பினார்கள்!

"அப்படியென்றால் போலீஸில் பிடித்துக் கொடு, விஷயம் முடிந்தது" என்று சிலர் சொல்லலாம். அங்கேதான் நான் மாறுபடுகிறேன். பிடித்துக் கொடுப்பதால் பைபாஸ் ஒரு வாரம் அமைதியாக இருக்கும். அடுத்த வாரம் பசங்க வேறு ரோட்டுக்குப் போவார்கள். ஆசையை அடைத்து வைக்க முடியாது, வாய்க்கால் வெட்டித்தான் விட வேண்டும்.

நம் மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. ஆத்தூர் பக்கம் கூலமேடு ஜல்லிக்கட்டு யாருக்குத் தெரியாது? 2014-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017-ல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது, கூடவே விதிகளும் வந்தன. கலெக்டர் அனுமதி, இரட்டைத் தடுப்பு, காளைக்கும் வீரருக்கும் டாக்டர் பரிசோதனை, பார்ப்பவர்களுக்குத் தனி இடம். 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்றது. ஆபத்து முழுவதும் போய்விட்டதா என்றால் இல்லை. ஆனால் காளைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் ஒரு வேலி வந்தது. கொம்பு உள்ள மாட்டுக்கு விதி எழுதத் தெரிந்த நமக்கு, ஹேண்டில்பார் உள்ள மாட்டுக்கு எழுதத் தெரியாதா?

டிராக் ரேஸ் பிறந்த அமெரிக்காவிலும் கதை இதேதான். அங்கும் முதலில் தெருவில்தான் ஓட்டினார்கள். 1950-ல் கலிபோர்னியாவின் சாண்டா அனா விமானத் தளத்தில் பந்தயத்துக்கென்று ஓடுபாதை ஒதுக்கினார்கள். அடுத்த ஆண்டு வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். பசங்களைத் தெருவிலிருந்து மீட்டு விதிக்குள் கொண்டுவருவதே நோக்கம். 2008-ல் ஸ்காட் கலிட்டா என்ற பெரிய வீரர் ஓட்டத்தில் இறந்ததும், சில நாட்களிலேயே அதிவேகப் பிரிவுகளுக்கு ஓட்ட தூரத்தை 402 மீட்டரிலிருந்து 305 மீட்டராகக் குறைத்துவிட்டார்கள். நிறுத்த இடம் அதிகம் கிடைக்கட்டும் என்று. அவர்கள் "விதி" என்று பெருமூச்சு விடவில்லை, விதியை மாற்றினார்கள்!

நம் தமிழ்நாடும் இதில் இளைத்ததல்ல. இரண்டாம் உலகப் போர்க்காலத்து சோழவரம் விமான ஓடுதளத்தில் 1950-களிலேயே மோட்டார் பந்தயம் நடந்தது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பாதை வந்தது. 2003-ல் கோவை அருகே செட்டிபாளையத்தில், மறைந்த கரிவரதன் பெயரில் கரி மோட்டார் ஸ்பீட்வே வந்தது. முறையான இடத்திலும் உயிர் போகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. 2023-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஜனவரியில் ஒரு மூத்த கார் வீரரும், ஆகஸ்டில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவனும் இறந்தார்கள். டாக்டரும் ஆம்புலன்ஸும் நிற்கிற இடத்திலேயே இப்படி என்றால், ஒன்றுமே இல்லாத பைபாஸைப் பற்றி என்ன சொல்ல?

சரி, நியாயத்துக்கு வருகிறேன். ஒருவன் அப்பாவின் ஸ்ப்ளெண்டரில் வருகிறான், இன்னொருவன் புது டியூக்கில் வருகிறான். இது பந்தயமா? பர்ஸுக்கும் பர்ஸுக்கும் நடக்கிற போட்டி! கொங்குப் பக்கம் ரேக்ளா நடத்தும் பெரியவர்கள் காளையின் பல்லைப் பார்த்து, வயதுக்குத் தக்கபடி பிரித்து, 200 மீட்டர், 300 மீட்டர் என்று தனித்தனியாக விடுகிறார்கள். பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கே அந்த நியாயம் தெரிந்திருக்கிறது. டிராக் ரேஸிலும் எஞ்சின் அளவை வைத்துப் பிரிவுகள் உண்டு.

அதைவிட அழகான ஒரு முறையும் உண்டு. அவரவர் தன் வண்டி எத்தனை வினாடியில் ஓடும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். ஸ்ப்ளெண்டர்காரன் 21 வினாடி, டியூக்காரன் 15 வினாடி என்று எழுதினான் என்று வையுங்கள். ஸ்ப்ளெண்டருக்கு 6 வினாடி முன்னதாகப் பச்சை விளக்கு எரியும். இருவரும் சொன்னபடி ஓட்டினால் கோட்டில் சரிசமம். விளக்குக்கு முந்தினால் அவுட். சரி, வேண்டுமென்றே அதிக வினாடி எழுதி ஏமாற்றினால்? எழுதியதைவிட வேகமாக ஓடியவன் தோற்றவன். இருவரும் அப்படி ஓடினால், குறைவாக மீறியவனுக்கு வெற்றி. இதில் ஜெயிப்பது பணம் அல்ல. தன் வண்டியை அறிந்தவன், விளக்கைக் கவனித்தவன், சொன்ன சொல் காப்பாற்றியவன் ஜெயிக்கிறான். பழைய வண்டியை ஒழுங்காக டியூன் செய்யத் தெரிந்த நம் மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் பசங்களுக்கு இதைவிட நல்ல பரீட்சை ஏது?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விதி போடுவது சுலபம், விதிக்கு ஆகும் செலவு யாருடையது? முழு ஹெல்மெட், லெதர் உடை, கையுறை, பூட்ஸ், போட்டி லைசென்ஸ், இருங்காட்டுக்கோட்டை போக ஏறக்குறைய 300 கிலோமீட்டர், கோவை போக 200 கிலோமீட்டர். என் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். அப்பா பாக்கு மரம் ஏறுகிறார், அம்மா பாக்கு உரிக்கப் போகிறார். வண்டிக்கு மாசா மாசம் டியூ கட்டுகிறோம். அந்த வண்டி விழுந்தால் போவது பெட்ரோல் டேங்க் மட்டுமா? வீட்டின் முதல் டிப்ளமோவும் சேர்ந்து போகும். என் மாதிரிப் பையனிடம் "லெதர் உடை இல்லையா, வெளியே போ" என்றால் அவன் நேராக பைபாஸுக்குத்தான் போவான். ஏழைக்கு எட்டாத பாதுகாப்பு விதி ஏழையைப் பாதுகாக்காது. நியாயம் இல்லாத இடத்தில் பாதுகாப்பும் நிற்காது.

2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் ரோட்டை அடைத்து, விளக்கு போட்டு, ஃபார்முலா 4 கார்ப் பந்தயம் நடந்தது. சர்வதேச அமைப்பின் பாதுகாப்புச் சான்றிதழ் வரத் தாமதமானதால் ஓட்டமும் தாமதமானது. அதை நான் குறை சொல்லவில்லை, பாராட்டுகிறேன். அரசு மனது வைத்தால் ரோடும் கிடைக்கும், சான்றிதழுக்குக் காத்திருக்கும் பொறுமையும் வரும் என்று தெரிகிறது. லாரிக்குப் பேர்போன நாமக்கல், ரிக் வண்டிக்குப் பேர்போன திருச்செங்கோடு, இரும்புக்கு சேலம். இத்தனை வண்டியும் பட்டறையும் உள்ள மண்ணில், வருடத்தில் ஒரு நாள், அடைத்த இடமாக ஒரு 402 மீட்டரும் அதற்கப்புறம் நிறுத்த நீளமான இடமும் கேட்பது பேராசையா?

ஆகவே நம் மாணவர் சங்கத்தின் முன் சில யோசனைகளை வைக்கிறேன்.

1. பொது ரோட்டில் பந்தயம் ஓட்டுவதில்லை, ஓரத்தில் நின்று கை தட்டுவதும் இல்லை. பார்க்க ஆள் இல்லாவிட்டால் பாதிப் பந்தயம் தானாக நிற்கும்.

2. இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பில் சேர்ந்த ஒரு கிளப்பையும், மாவட்ட விளையாட்டு அலுவலரையும் சங்கம் சந்தித்து, அனுமதியோடு ஒரு நாள் போட்டி கேட்க வேண்டும்.

3. பிரேக், செயின், டயர், ஆக்ஸிலேட்டர் கேபிள் எல்லாவற்றையும் ஓட்டத்துக்கு முன் சோதிக்க வேண்டும். ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சின் தானாக அணையும்படி, மணிக்கட்டில் கட்டும் கயிற்றுச் சுவிட்ச் கட்டாயம். சோதனையில் உதவ நாம் இருக்கிறோம்.

4. லைசென்ஸ் இல்லாதவருக்கும் 18 வயது ஆகாதவருக்கும் இடமில்லை. எத்தனை திறமை இருந்தாலும் சரி.

5. ஹெல்மெட், உடை, கையுறையை சங்க நிதியில் பொதுவாக வாங்கி மாற்றி மாற்றி உபயோகிக்கலாம். பல அளவுகளில் நாலைந்து செட் இருந்தால் நாற்பது பேர் ஓட்டலாம்.

6. பணப் பந்தயம் கூடாது. பரிசாக ஒரு டூல் பாக்ஸ் போதும், நமக்கு அதைவிடப் பெரிய கோப்பை எதற்கு?

கல்லூரி தேர்தலில் காம்பவுண்ட் சுவர், கேன்டீன் டீ, பஸ் பாஸ் எல்லாம் பேசுகிறோம். பைபாஸில் போகிற உயிரைப் பற்றியும் அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போடுங்கள். வேகம் நம் வயசுக்கு இயல்பு, அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டாம். அந்த வேகத்துக்கு ஒரு இடமும், ஒரு வேலியும், எல்லோருக்கும் ஒரே மாதிரி எரியும் ஒரு பச்சை விளக்கும் கேட்போம். கேட்டால்தான் கிடைக்கும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்!

- மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு மாணவன், வாழப்பாடி